கொலையாளி தெரிந்த பிறகும் தீவுக்குப் போகலாம்

கேள்வி இது: "அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலைப் படித்து முடித்தேன். அதே சூட்டில் 1945-ல் வந்த படத்தைப் பார்த்தால் முடிவே வேறாக இருக்கிறது. ஏன் மாற்றினார்கள்? இந்தக் கதைக்கு எந்தப் படத்தைப் பார்க்கலாம்? கொலையாளி யாரென்று தெரிந்துவிட்ட பிறகு பார்க்க என்ன இருக்கிறது?"

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்கு என் கையில் சொந்த அனுபவம் இருக்கிறது. கல்லூரி ஹாஸ்டல் நாட்களில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் இந்த நாவலின் பழைய பிரதி ஒன்றை வாங்கினேன். அறைக்கு வந்து பிரித்தால், முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெயருக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் "இவர்தான்" என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் படித்த எவரோ ஒரு புண்ணியவான் செய்த வேலை. அன்று இரவு அந்த ஆளைத் திட்டாத திட்டில்லை. காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்றுதான் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. கொலையாளி தெரியாமல் படிப்பவருக்கு இந்த நாவல் ஒரு புதிர். தெரிந்து படிப்பவருக்கு இது ஒரு மேஜிக்காரரின் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி. எனக்கு இரண்டாவதுதான் முதலில் கிடைத்தது.

படிக்காதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கொலையாளி யாரென்று சொல்ல மாட்டேன். 1939-ல் வெளிவந்த நாவல். இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு, அதில் ஒரே ஒரு நவீன பங்களா. வேலைக்காரத் தம்பதி உட்பட 10 பேர், ஆளுக்கொரு சாக்கில் அங்கே வரவழைக்கப்படுகிறார்கள். வரவழைத்தவர் ஆளையே காணோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிராமபோன் தட்டு ஒன்று ஓடுகிறது. பத்துப் பேர் மீதும் பெயர் சொல்லி, தேதி சொல்லி, கொலைக் குற்றம் சாட்டுகிறது. அவை எல்லாமே சட்டத்தால் தொட முடியாத கொலைகள். குடித்துவிட்டு ஆபரேஷன் செய்த டாக்டர், மனைவியின் காதலனைச் சாகும் இடம் பார்த்து அனுப்பிய ஜெனரல், கண்மண் தெரியாமல் காரோட்டி இரண்டு குழந்தைகளைக் கொன்ற பணக்காரப் பையன் என்று இப்படி. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு குழந்தைப் பாட்டு மாட்டியிருக்கிறது. பத்துப் பொடியன்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போகும் பாட்டு. அந்தப் பாட்டின்படியே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சாப்பாட்டு மேஜை மேல் இருக்கும் பத்துப் பீங்கான் பொம்மைகளும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

இனி அந்த மேஜிக்காரரின் கை. முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். தீவை நோக்கி வந்துகொண்டிருக்கும் எட்டுப் பேரின் மனதுக்குள் வரிசையாகப் புகுந்து வெளியே வருகிறார் கிறிஸ்டி. கொலையாளியின் மனதுக்குள்ளும்தான். அங்கே அவர் எழுதியிருப்பதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் நிஜம். நாம்தான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறோம்.

அதைவிடத் துணிச்சலான இடம் 11-வது அத்தியாயத்தில் வருகிறது. வேலைக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்த இடத்திலேயே கோடரியால் வெட்டப்பட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். மிச்சம் ஆறு பேர். ஆறு பேரும் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா, ஹாம் ஒரு துண்டு வைக்கட்டுமா என்று ஒருவருக்கொருவர் உபசாரம் வேறு. அந்த உபசாரத்துக்கு நடுவிலேயே, ஆறு பேர் மனதிலும் அந்த நேரத்தில் ஓடும் எண்ணங்களை அப்படியே கொட்டுகிறார் கிறிஸ்டி, யாருடையது எது என்று பெயர் போடாமல். ஒருவருக்குப் பயம், ஒருவருக்குக் குழப்பம், ஒருவர் காணாமல் போன கம்பளி நூலையும் குளியலறைத் திரையையும் நினைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார். நடுவில் ஒரு எண்ணம்: நான் சொன்னதை அந்த முட்டாள் அப்படியே நம்பிவிட்டான், ஆனாலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற ரீதியில் போகிறது. கொலையாளி நம் கண்ணெதிரே, தன் வாயாலேயே பேசிவிட்டுப் போகிறார். காபி வாசனையோடு நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு சௌகரியம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். நான் இந்தப் பதில் முழுக்கக் கொலையாளியை "அவர்" என்றே எழுதிக்கொண்டு போகலாம். ஆணா பெண்ணா என்று நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. "நான் சொன்னேன்" என்றாலும் தெரியாது. ஹிந்தியில் "நான் போகிறேன்" என்று ஒரு பாத்திரம் நினைத்தாலே வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். ரஷ்ய மொழியிலும் இறந்தகாலம் என்றால் இதே தொல்லை. அந்தக் காலை உணவுப் பக்கத்தை இந்த மொழிகளில் பெயர்த்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். தமிழில் மொழிபெயர்ப்பவர் அந்த ஒரு இடத்தில் காலாட்டிக்கொண்டு உட்காரலாம்.

படம் எடுப்பவருக்கோ இதில் வழியே இல்லை. கேமரா ஒரு முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். முகத்தைக் காட்டினால் எண்ணம் யாருடையது என்று தெரிந்துவிடும். முகத்தைக் காட்டாவிட்டால் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நாவல் பத்துப் பேரின் தலைக்குள் குடியிருக்கிறது, கேமரா வாசலிலேயே நிற்கிறது. இந்தக் கதையைப் படமாக்கியவர்கள் ஒவ்வொருவரும் அந்த வாசலில் நின்று என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. கொலையாளி தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் பொழுதுபோக்கு இது.

நீங்கள் பார்த்த 1945 படத்தையே எடுத்துக்கொள்வோம். இயக்கியவர் பிரெஞ்சுக்காரர் ரெனே க்ளேர். தலைக்குள் போக முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எல்லோரையும் எட்டிப் பார்க்க வைத்துவிட்டார். ஒருவர் சாவித் துவாரம் வழியாக இன்னொருவரைப் பார்க்கிறார், அவரை முதுகுப் பக்கத்திலிருந்து வேறொருவர் பார்க்கிறார், அவரையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தேகம் என்கிற மனசு சமாச்சாரத்தை உடம்பால் செய்து காட்டிய காட்சி அது. சிரிப்பும் வரும். படம் முழுக்கவே அந்தச் சிரிப்பு இருக்கிறது. நாவலில் காரோட்டிக் கொன்ற பையன் இங்கே ஒரு ரஷ்ய இளவரசனாகி, பியானோவில் உட்கார்ந்து அந்தச் சாவுப் பாட்டைப் பாடுகிறார். வால்ட்டர் ஹூஸ்டன் டாக்டராகவும் பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் நீதிபதியாகவும் வந்து போட்டி போட்டு நடித்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேருக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

முடிவு ஏன் மாறியது என்பதற்குப் படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றியது கிறிஸ்டியேதான். 1943-ல் இந்த நாவலை அவரே நாடகமாக எழுதி லண்டனில் மேடை ஏற்றினார். நாவலின் கடைசியில் தீவில் உயிரோடு யாருமே இல்லை. நடந்ததை விளக்க வருவது பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்ட ஒரு கடிதம். மேடையில் பிணங்களை மட்டும் வைத்துக்கொண்டு திரையைப் போட முடியுமா? கதை சொல்ல ஆள் வேண்டும். ஆகவே இரண்டு பேரை நிரபராதிகளாக்கிப் பிழைக்க வைத்தார். அந்தக் குழந்தைப் பாட்டுக்கே இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில் கடைசிப் பொடியன் தூக்கு மாட்டிக்கொள்கிறான், இன்னொன்றில் கல்யாணம் செய்துகொள்கிறான். நாவலுக்கு முதல் முடிவு, நாடகத்துக்கு இரண்டாவது முடிவு. இதைத் தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். யுத்தத்தின் நடுவில் குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டு நாடகம் பார்க்க வந்த ஜனங்களுக்கு அந்தக் கல்யாண முடிவு பிடித்துத்தான் இருக்கும்.

நியாயம் ஒன்று இருந்தாலும் எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை. அப்படிப் பிழைக்க வைக்கப்பட்ட இருவரில் ஒருத்தியான வேராவை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பையன் ஒருவனுக்கு டீச்சராக இருந்தவள். பாறை வரைக்கும் நீந்திப் போகட்டுமா என்று அவன் தினமும் கெஞ்சுகிறான். ஒருநாள் போ என்று விட்டுவிடுகிறாள். பிறகு பின்னாலேயே நீந்துகிறாள், நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டோம் என்று தெரிந்தே. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது காப்பாற்றும் முயற்சி. நாவல் முழுவதும் அவளுக்குக் கடல் வாசனை வந்துகொண்டே இருக்கிறது. பின்பாதியில் ஒரு இருட்டு அறையில் ஈரமாக, சில்லென்று ஏதோ ஒன்று அவள் கழுத்தைத் தொடும். கூரைக் கொக்கியிலிருந்து யாரோ தொங்கவிட்ட கடல்பாசி. இறந்த பையனின் கை என்று நினைத்து அவள் அலறுகிற அலறலில்தான் அவள் செய்தது என்னவென்று நமக்கு முழுசாகப் புரிகிறது. 1945 படத்தில் அந்தக் குற்றத்தையே மாற்றி, அதுவும் அவளுடையது இல்லை, அக்கா தங்கை யாரோ செய்தது என்று ஆக்கிவிட்டார்கள். பிழைக்கும் இன்னொருவரான லொம்பார்டும் லொம்பார்டே இல்லை, அவருடைய நண்பராம். பாசி மட்டும் மிஞ்சி என்ன பிரயோஜனம்?

அதன் பிறகு ஹாரி ஆலன் டவர்ஸ் என்கிற தயாரிப்பாளர் இந்தக் கதையை மூன்று முறை எடுத்தார். 1965-ல் பனிமலை உச்சி, 1974-ல் ஈரான் பாலைவனத்து ஹோட்டல், 1989-ல் ஆப்பிரிக்க சஃபாரி முகாம். மூன்றிலும் நாடக முடிவுதான். 1965 படம் ஒரே ஒரு குறும்புக்காக நினைவிருக்கிறது. க்ளைமாக்ஸுக்கு முன் படத்தை நிறுத்தி, ஒரு நிமிஷம் கடிகாரத்தைக் காட்டி, கொலையாளி யாரென்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்று தியேட்டர் ஜனங்களைக் கேட்டார்கள். 1974 படத்தில் குற்றம் சாட்டும் பதிவுக் குரல் ஆர்சன் வெல்ஸ். 1989 படத்துக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டாம்.

கதையை நாவலின் முடிவோடு எடுத்தவர் சோவியத் இயக்குநர் ஸ்டானிஸ்லாவ் கோவொருகின், 1987-ல், ஒடெஸா ஸ்டுடியோவுக்காக. கிரிமியாவில் கடலை ஒட்டிய பாறை நுனியில் நிற்கும் 'குருவிக்கூடு' மாளிகையைத்தான் தீவு பங்களாவாகக் காட்டுகிறார். லொம்பார்டாக வருபவர் அலெக்சாண்டர் கைதனோவ்ஸ்கி, வேராவாகத் தாத்தியானா துரூபிச். இரண்டே கால் மணி நேரம் ஓடுகிற படம், மெதுவாகத்தான் நகரும், சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு காரியத்தை இவர் மட்டும்தான் சரியாகப் பிடித்தார் என்று நினைக்கிறேன்: அந்த வீட்டில் குற்றமில்லாதவர் யாருமே இல்லை. எவரும் தப்பிப்பார் என்ற ஆசையை அவர் நமக்குக் கொடுப்பதே இல்லை. மனதுக்குள் ஓடுவதை அவ்வப்போது பழைய காட்சிகளாகக் காட்டுகிறார். மற்ற நேரம் நடிகர்களின் முகத்தை நம்பி விட்டுவிடுகிறார். அந்த வாசலில் கௌரவமாக நின்றவர்.

அடுத்தது பிபிசி 2015 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி மூன்று இரவுகள் ஒளிபரப்பிய தொடர். எழுதியவர் ஸாரா ஃபெல்ப்ஸ், இயக்கியவர் க்ரெய்க் விவேரோஸ். சார்லஸ் டான்ஸ், சாம் நீல், மிராண்டா ரிச்சர்ட்ஸன், டோபி ஸ்டீவன்ஸ், ஏய்டன் டர்னர், மேவ் டெர்மடி என்று பெரிய கூட்டம். இவர்கள் தலைக்குள் புகுந்தே தீருவேன் என்று கிளம்பியவர்கள். இறந்தவர்கள் கண்முன் வந்து போகிறார்கள். வேராவின் பையன் கடலிலிருந்து அவளை விடாமல் துரத்துகிறான். பயம் முற்றிப்போய் எல்லோரும் குடித்துக் கூத்தடிக்கும் ஒரு இரவு வருகிறது. நாவலில் அப்படி ஒன்று கிடையாது, ஆனால் நாவலில் இருந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு உறுத்தியது குற்றங்களை வெட்டவெளிச்சமாக்கியது. நாவலில் லொம்பார்ட் 21 ஆப்பிரிக்கர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் காட்டில் விட்டுவிட்டு வந்தவன். கிராமபோன் குற்றம் சாட்டியதும் ஆமாம் நிஜம்தான் என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்வான். சீரியலில் அவன் வைரத்துக்காகக் கொலை செய்தவனாகிவிடுகிறான். விட்டுவிட்டு வருவது வேறு, கொல்வது வேறு. சட்டம் தொட முடியாத குற்றம் என்பதுதான் கதையின் அச்சாணி. கையில் ரத்தம் ஒட்டியதும் அந்த அச்சாணி கழன்று விடுகிறது.

முடிவைத் தைரியமாக வைத்துக்கொண்ட இவர்களுக்கும் அந்தப் பாட்டில் கடிதம் தகராறு செய்தது. நாவலில் கடைசியாக உயிரோடு இருப்பவருக்குக் கொலையாளி யாரென்று தெரியவே தெரியாது. போலீஸுக்கும் தெரியாது. ஸ்காட்லாந்து யார்டில் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், எப்படிப் போட்டாலும் ஒரு ஆள் இடிக்கிறது. அப்புறம்தான் மீன்பிடிப் படகு ஒன்றுக்குப் பாட்டில் கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரத் தவிப்புதான் புத்தகத்தின் நிஜமான சில்லிடல். சீரியலில் கொலையாளியும் கடைசி ஆளும் நேருக்கு நேர் சந்தித்துப் பேசிவிடுகிறார்கள். நடிப்பு பிரமாதம். ஆனாலும் யாருக்கும் தெரியாமல் போவதில் இருந்த பயங்கரம் அங்கே கொஞ்சம் தணிந்துவிடுகிறது.

படங்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இன்னொன்று சோறு. வேலைக்காரர் செத்ததும் மின்சாரம் நின்றுவிடும், ஏனென்றால் ஜெனரேட்டரை ஓட்டியவர் அவர்தான். மெழுகுவத்தியில் காலம் தள்ளுகிறார்கள். விஷ பயத்தில் சமைத்ததை எவரும் தொடுவதில்லை. டின்னில் அடைத்து வந்த நாக்கு இறைச்சியைத் திறந்து தின்கிறார்கள். வசதியான வீடு, நிறையச் சாமான், சாப்பிட ஆசையே இல்லாத ஆட்கள். மறுபடி படிக்கும்போது கொலைகளை விட்டுவிட்டு இந்தச் சாப்பாட்டு வேளைகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கிறிஸ்டிக்கு எழுதத் தெரியாது, புதிர் போடத்தான் தெரியும் என்பவர்களுக்கு நான் காட்டும் பக்கங்கள் இவை.

அந்தக் குழந்தைப் பாட்டுக்குள் நம் ஆட்களுக்குப் பிடிபடாமல் போகிற ஒரு இடமும் உண்டு. நான்கு பேர் கடலுக்குப் போகிறார்கள், ஒருவனை 'ரெட் ஹெர்ரிங்' விழுங்கிவிடுகிறது. ஹெர்ரிங் ஒரு மீன். உப்பும் புகையும் போட்டுப் பதப்படுத்தினால் சிவந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் திசைதிருப்பப் போடும் பொய்த் தடயம் என்றும் பொருள். மீன் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் கதையின் பெரிய துப்பு ஒன்று நம் வலையிலிருந்து நழுவிவிடும். வேரா அதைக் கவனிக்கிறாள். கவனித்தும் தப்பாகக் கணக்குப் போடுகிறாள்.

தலைப்பைத் தேடும்போது குழம்பாதீர்கள். 1939-ல் பிரிட்டனில் வந்தபோது தலைப்பிலும் பாட்டிலும் கறுப்பர்களை இழிவு செய்யும் ஒரு சொல் இருந்தது. அமெரிக்காவில் அடுத்த ஆண்டே இப்போதைய பெயருக்கு மாற்றிவிட்டார்கள். பிரிட்டன் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மாறியது. பிரெஞ்சில் 2020-ல்தான் மாற்றினார்கள். சோவியத் படம் பழைய பெயரிலேயே இருக்கிறது.

நம் பக்கத்துக்கும் இந்தத் தீவு வந்தது. 1965-ல் ஹிந்தியில் 'கும்நாம்'. மனோஜ் குமார், நந்தா, மெஹ்மூத், ஹெலன். விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டு ஒரு பாழடைந்த பங்களாவில் மாட்டிக்கொள்கிறவர்கள். பிணம் விழும், பாட்டு வரும், பிணம் விழும். கதையை விடப் பாட்டுக்காகப் பார்க்கலாம். தமிழில் 1970-ல் எஸ். பாலசந்தர் 'நடு இரவில்' எடுத்தார். வீணை பாலசந்தர்தான், 1954-லேயே பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தவர். சௌகார் ஜானகி, மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய். அந்நியர்கள் பத்துப் பேர் என்பதை எடுத்துவிட்டுச் சொந்தக்காரக் கூட்டத்தைத் தீவு பங்களாவுக்கு வரவழைத்தார். அந்நியர்களைச் சந்தேகிப்பதைவிட மச்சானைச் சந்தேகிப்பது நமக்குச் சுலபம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாவலைப் படித்துவிட்ட உங்களுக்கு என் வரிசை இது: முதலில் சோவியத் படம், பத்து நாள் கழித்து பிபிசி, அப்புறம் 'நடு இரவில்'. எல்லாம் முடிந்த பிறகு 1945 படத்தை ஒரு நகைச்சுவைப் படம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி போடுங்கள், முடிவு உங்களை உறுத்தாது. நடுவில் எப்போதாவது அந்த 11-வது அத்தியாயத்தைத் திறந்து, எந்த எண்ணம் யாருடையது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள்.

உங்கள் சொந்தப் பிரதியாக இருக்கட்டும். என்னுடையது போன மாதம் தங்கை மகளிடம் போயிற்று. கொடுக்கும் முன் அந்த "இவர்தான்" என்பதை ரப்பர் வைத்து அழித்தேன். புண்ணியவான் அழுத்தி எழுதியிருக்கிறார், தாளில் தடம் அப்படியே இருக்கிறது; வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் படித்துவிடலாம். ஆறாவது அத்தியாயம் வரை வந்திருக்கிறாளாம். டாக்டர் மேல் சந்தேகம் என்று நேற்று போனில் சொன்னாள். நான் எதுவும் சொல்லவில்லை.